கணக்கின் உள்ளே ஒரு கணக்கு

கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், நெடுங்காலம் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இப்போது பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கிவரும் ஊரின் அருகே, தென்னமரம் என்னும் பெயருடைய தோட்டம் ஒன்று இருக்கிறது. ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே வாணிப நோக்கத்தோடு செம்பனையைப் பயிரிட்டார். மலாயாவின் செம்பனைத் தொழிலுக்கு அதையே ஆரம்பமாகச் சரித்திரம் எழுதுகிறவர்கள் கொள்கிறார்கள். அதே மனிதர் பின்னாளில் மலாயா வாழ்வை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார் என்பது தோட்டத் துரைமார்களின் வரலாற்றில் அபூர்வமான சங்கதி. அந்தத் தோட்டத்திலும், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் முதலாக வடகிழக்கே உலு சிலாங்கூர் வரையில் பரந்து கிடக்கும் மற்றத் தோட்டங்களிலும், ரப்பர் காலமாயினும் செம்பனைக் காலமாயினும் ஒரு நியதி மாறியதில்லை: எடை எழுதப்படாமல் எந்தப் பொருளும் கைமாறுவதில்லை. ரப்பர் காலத்தில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கில் பேர் கொடுத்துவிட்டுப் போன வெட்டுக்காரர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து நிற்பார். நிறுத்த எடையைக் கணக்கரான கிராணி ஏட்டில் பதிவார். மாத முடிவில் செக்ரோல் என்னும் சம்பள ஏட்டில் ஏறிய தொகையே அந்தக் குடும்பத்தின் அரிசியும் பருப்பும் ஆகும்.

இன்றைக்கு அந்த ஏட்டின் ஸ்தானத்தை செம்பனை ஆலை வாசலில் இருக்கும் எடைப்பாலம் பிடித்திருக்கிறது. குலையோடு வரும் லோரி ஒருமுறை அதன்மீது ஏறுகிறது. குலையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாக மறுமுறை ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிகர எடை. வண்டியின் எண், தோட்டம், பிரிவு, வந்த நேரம், போன நேரம், இரண்டு எடைகள் ஆகிய யாவும் ஒரே வரிசையாகத் தரவுத்தளத்துக்குள் போய்ச் சேர்கின்றன. இந்த வரிசை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று பார்ப்போம். ஒரு வரிசைக்குத் தாராளமாக 200 பைட் என்று வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 200 லோரிகள், ஆண்டில் 300 வேலை நாட்கள் என்று ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொண்டால், ஓராண்டில் 60,000 வரிசைகள். மொத்தம் 12 மெகாபைட். கைத்தொலைபேசியில் எடுக்கும் மூன்று நான்கு புகைப்படங்களுக்கு மேல் ஆகாத அளவு இது. ஐம்பது வருஷம் தொடர்ந்து எடை போட்டாலும் ஒரு ஜிகாபைட் நிரம்பாது.

அப்படியிருக்க, இத்தகைய ஆலை அலுவலகங்களில் ‘டிஸ்க் நிறைந்துவிட்டது’ என்ற எச்சரிக்கை ஏன் எழுகிறது? எழும்போதெல்லாம் பழி வியாபாரக் கணக்கின்மீதே விழுவது வழக்கம். பழைய ஆண்டுகளின் எடைச்சீட்டுகளை அழித்துவிடலாமா என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். அழிக்கவும் கூடாது: மலேசியச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஏழாண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். அழித்தாலும் பயனில்லை: மேலே போட்ட கணக்கின்படி ஏழாண்டும் சேர்ந்து 84 மெகாபைட்தான். இடத்தை விழுங்கியவை பெரும்பாலும் வேறு. தரவுத்தளங்களை நடத்தும் சர்வர் தன் பிழைப்புக்காகத் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகளும், தன் வேலைக்காகத் தற்காலிகமாகப் பரப்பி வைத்துக்கொள்ளும் பண்டங்களுமே அவை.

இங்கே மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரை உதாரணமாகக் கொள்கிறேன். ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் பெயர்கள் வேறு, ஏற்பாடுகளும் ஓரளவு வேறு. தத்துவம் ஏறக்குறைய ஒன்றே. இந்த சர்வரை ஒரு கணினியில் நிறுவியவுடன், நாம் ஒரு தரவுத்தளமும் உண்டாக்காமலே நான்கு தரவுத்தளங்கள் நம் கண்ணுக்குத் தென்படும். மாஸ்டர் என்பது சர்வரில் எந்தெந்தத் தரவுத்தளங்கள் இருக்கின்றன, யார் யார் உள்ளே நுழையலாம் என்பவற்றை அறிந்து வைத்திருப்பது. உருவில் சிறியது, வளர்வதும் அபூர்வம். மாடல் என்பது புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் அச்சாக இருப்பது. அதனிடம் ஒரு குணம் இருந்தால் குழந்தைகள் எல்லாவற்றுக்கும் அது வந்துவிடும். மூன்றாவது எம்எஸ்டிபி, நான்காவது டெம்ப்டிபி. இட நெருக்கடிக்குக் காரணமாகிறவை இந்தக் கடைசி இரண்டுமே. ஆனால் இரண்டும் நேர் எதிரான சுபாவம் உடையவை. ஒன்று எதையும் மறக்காது. மற்றொன்று விழிக்கும்போதெல்லாம் அனைத்தையும் மறந்துவிடும்.

எம்எஸ்டிபியை முதலில் எடுத்துக்கொள்வோம். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல், அவை எப்போது ஓடின, பலித்தனவா இல்லையா என்ற குறிப்பு, பேக்அப் எப்போது எந்தக் கோப்பில் எடுக்கப்பட்டது என்ற சரித்திரம், சர்வர் தானே அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகிய எல்லாம் இதற்குள் தங்குகின்றன. வேலைகளின் குறிப்புக்கு மட்டும் இதை ஆக்கியவர்கள் ஆதியிலேயே வேலி போட்டுவிட்டார்கள்: இயல்பான அமைப்பில் மொத்தம் 1000 வரிசை, ஒரு வேலைக்கு 100 வரிசை; அதற்கு மேல் வந்தால் பழையது தானே கழியும். பேக்அப் சரித்திரத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு வேலி இல்லை. பத்துத் தரவுத்தளங்கள் உள்ள சர்வரில், மாறுதல்களைக் குறித்துவரும் லாக் கோப்பின் பேக்அப்பைக் கால் மணிக்கு ஒருமுறை எடுப்பதென்று வைத்தால், நாளொன்றுக்கு 960, ஆண்டொன்றுக்கு 3,50,400 பேக்அப்கள். ஒவ்வொன்றும் ஒரே அட்டவணையில் நில்லாமல் பல அட்டவணைகளில் வரிசை வரிசையாக எழுதப்படுகிறது. பேக்அப் கோப்புகளை நான்கு வாரத்தில் அழித்துவிடுகிற அலுவலகத்திலும், அந்தக் கோப்புகள் ஒரு காலத்தில் இருந்தன என்ற சரித்திரம் எட்டு வருஷமாகப் படிந்து கிடக்கும். இல்லாத கோப்பின் ஜாதகத்தால் யாருக்கு என்ன லாபம்?

மின்னஞ்சலின் கதை இதைவிட விசித்திரம். சர்வர் மின்னஞ்சலை அனுப்பிவிட்டுக் கையை உதறுவதில்லை. அனுப்பிய மடலின் பிரதி ஒன்றையும், அதோடு இணைத்த கோப்பை முழுமையாகவும் எம்எஸ்டிபிக்குள் வைத்துக்கொள்கிறது. நம் கற்பனை ஆலையில், ஒவ்வொரு எடைச்சீட்டையும் 100 கிலோபைட் அளவுள்ள பிடிஎஃப் கோப்பாக்கித் தோட்ட அலுவலகத்துக்கு சர்வரே அனுப்புவதாகக் கொள்வோம். ஆண்டில் 60,000 சீட்டுகள். இணைப்புகள் மட்டும் 6 ஜிகாபைட். எடையைச் சுமந்த வரிசைகள் 12 மெகாபைட் என்று முன்பே கண்டோம். ஆகவே எடையைத் தெரிவித்த கடிதம், எடையைப் போல் 500 மடங்கு இடத்தைக் கொள்கிறது. அந்தக் கடிதமோ மீண்டும் வேண்டுமானால் எடை வரிசையிலிருந்து ஒரு நொடியில் ஆக்கிக்கொள்ளக் கூடியது! இதில் இன்னொரு சங்கடம் என்னவென்றால், சர்வரை நிறுவும்போது யாரும் வேறிடம் சொல்லாவிட்டால் இந்தத் தரவுத்தளங்கள் இயங்குதளம் இருக்கும் சி டிரைவிலேயே போய் அமர்ந்துவிடும். அது நிறைந்தால் தரவுத்தளத்தோடு விண்டோஸும் சேர்ந்து மூச்சுத் திணறும்.

சரி, பழைய மடல்களையும் பழைய சரித்திரத்தையும் அழித்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். அதற்கென்றே தேதியைச் சொன்னால் அதற்கு முந்தியவற்றைக் கழிக்கும் கட்டளைகள் சர்வரிலேயே இருக்கின்றன. அவற்றை ஓட்டி முடித்த நிர்வாகி, ஆவலோடு கோப்பின் அளவைப் பார்த்தால், அது ஒரு பைட்டும் குறையாமல் முன்போலவே நிற்கும். கட்டளை பலிக்கவில்லை என்று அவர் நினைப்பார். அது செவ்வையாகவே பலித்திருக்கும். இந்தப் புதிரை விளங்கிக்கொள்ள, கோப்பின் வயிற்றுக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரின் தரவுக் கோப்பு 8,192 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் முதல் 96 பைட்டும் அந்தப் பக்கத்தைப் பற்றிய முகவுரை, பிறகு வரிசைகள். அடுத்தடுத்த எட்டுப் பக்கங்கள் சேர்ந்து 64 கிலோபைட் கொண்ட ஒரு கூறு ஆகும். எந்தக் கூறு காலி, எது பயனில் இருக்கிறது என்பதை அறிய சர்வர் கோப்பு முழுவதையும் துழாவுவதில்லை. கூறு ஒன்றுக்கு ஒரே ஒரு பிட் என்ற விகிதத்தில் தனிப் பக்கம் ஒன்றில் குறித்து வைத்திருக்கிறது. அத்தகைய ஒரு பக்கம் ஏறக்குறைய 64,000 கூறுகளுக்கு, அதாவது நான்கு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவான பரப்புக்குப் போதும். இதைத் தவிர, தனிப் பக்கங்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதைப் பக்கத்துக்கு ஒரு பைட்டாகக் குறிக்கும் வேறொரு வகைப் பக்கம் 8,088 பக்கங்களுக்கு ஒருமுறை வருகிறது.

வரிசை ஒன்றை அழிக்கும்போது சர்வர் முதலில் அதன்மேல் ‘செத்தது’ என்று ஓர் அடையாளம் மட்டும் இடுகிறது. பின்னணியில் ஓடும் துப்புரவு வேலை ஒன்று சாவகாசமாக வந்து அதை அகற்றுகிறது. பக்கத்திலுள்ள வரிசைகள் அனைத்தும் அகன்றபின் பக்கம் காலி என்று குறிக்கப்படும். எட்டுப் பக்கமும் காலியானால் கூறுக்குரிய பிட் புரட்டப்படும். இவ்வளவும் கோப்புக்கு உள்ளேயே நடக்கும் காரியம். இயங்குதளத்திடமிருந்து ஒருமுறை வாங்கிய இடத்தை சர்வர் தானாகத் திருப்பித் தருவதில்லை. மீண்டும் கேட்டு வாங்குவதற்கு நேரமும் உழைப்பும் ஆகும் என்பதால், காலியான இடத்தை நாளைய வரவுக்கென்று தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நிர்வாகி கண்டது குறையாத கோப்பு. அதன் உள்ளேயோ பாதிக்கு மேல் வெற்றிடம்.

அப்படியானால் கோப்பைச் சுருக்கும் கட்டளை எதற்கு இருக்கிறது? இருக்கிறது, ஆனால் அதன் வேலை முறையை அறிந்தவர் அதை எளிதில் தொடமாட்டார். அது கோப்பின் கடைசியிலிருந்து பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முன்புறத்தில் எங்கே காலி கிடைக்கிறதோ அங்கே கொண்டுபோய்ச் செருகுகிறது. வரிசைக் கிரமமாக இருந்த அட்டவணைக் குறியீடுகள் இதனால் தலைகீழாகின்றன. அவற்றைச் செப்பனிடப் புதிதாகக் கட்டினால், கட்டுவதற்கு வேண்டிய இடத்துக்காகக் கோப்பு மறுபடி வளர்கிறது. இரவுதோறும் தானாகச் சுருக்குமாறு அமைத்துவிட்டு, பகலெல்லாம் அது வளர்வதைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், எட்டு வருஷக் குப்பையைக் கழித்தபின் எம்எஸ்டிபியை ஒரே ஒரு தடவை சுருக்குவது நியாயம். அதை மாத வழக்கமாக வைத்துக்கொள்வது நியாயமன்று. கழிக்கும்போதும் எட்டு வருஷத்தை ஒரே கட்டளையில் கழிக்க முயன்றால், அது அத்தனையையும் ஒரே பரிவர்த்தனையாகக் கருதி லாக் கோப்பை ஊதவைத்து, இடம் தேடி வந்தவருக்கு இருந்த இடத்தையும் இல்லாமல் செய்துவிடும். மாதம் மாதமாக முன்னேறுவதே மார்க்கம். கழித்த மறுநாளே, நாற்பதோ அறுபதோ நாட்களுக்கு முந்தியவை தாமே கழியுமாறு ஒரு வேலையையும் ஏற்பாடு செய்துவிட வேண்டும். மடல் அனுப்பியதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கணக்காய்வாளர் கேட்பாரானால், யாருக்கு எப்போது அனுப்பினோம் என்ற ஒற்றை வரியை வியாபாரத் தரவுத்தளத்தில் எழுதி வைக்கலாம். அதற்காக பிடிஎஃப் குவியலை சர்வரின் சொந்த அறையில் அடைக்க வேண்டியதில்லை.

டெம்ப்டிபியின் பிரகிருதி முற்றிலும் வேறு. அதை விளக்க ஆலையின் ராம்ப்பைக் காட்டிலும் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. எடை போட்ட குலைகள் நேரே வேகவைக்கும் கலனுக்குள் போவதில்லை. சாய்வான ராம்ப்பில் கொட்டப்பட்டு, அங்கிருந்து முறையாக இறங்கி, ஏறக்குறைய 140 பாகை நீராவியில் வேகப் போகின்றன. அடிபட்ட பழத்தில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைக் கூட்டிக்கொண்டே இருக்குமாதலால், வெட்டிய குலையை 24 மணிக்குள் வேகவைத்துவிட வேண்டும் என்பது ஆலைக்காரர்களின் விதி. ராம்ப்பில் பண்டம் தங்குவதற்காக வருவதில்லை, கடந்து போவதற்காக வருகிறது. வேகவைக்கும் கலன் ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் ராம்ப் நிறைந்து, லோரிகள் எடைப்பாலத்தைத் தாண்டிச் சாலைவரை நிற்கும். அப்போது ராம்ப் சிறியது என்று குறை கூறுவது நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாகும். டெம்ப்டிபியும் அப்படியே. நூற்றுக்கணக்கான தோட்டங்களின் ஆறு மாத எடையைத் தோட்டவாரியாக அடுக்கிக் காட்டு என்று கேட்டால், நினைவகத்தில் அடங்காத பகுதியை சர்வர் இங்கே பரப்பிவைத்து அடுக்குகிறது. நிரல் எழுதுகிறவர்கள் உண்டாக்கும் தற்காலிக அட்டவணைகளும் இங்கேதான். வேலை முடிந்ததும் இடம் விடுபட வேண்டும், பெரும்பாலும் விடுபடுகிறது.

விடுபடாத சமயத்தில் ஆராய வேண்டியது பழைய உருவங்களின் கிடங்கை. 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல் சர்வருக்கு ஓர் ஆற்றல் வந்தது: ஒருவர் வரிசையை மாற்றிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் மாறுதலுக்கு முந்திய உருவத்தைத் தடையின்றிப் படிக்கலாம். இதை வேண்டுமென்று ஏவிவிட்ட தரவுத்தளங்களில், மாற்றப்படும் ஒவ்வொரு வரிசையின் பழைய உருவமும் டெம்ப்டிபியில் எடுத்து வைக்கப்படுகிறது. புது வரிசையின் வாலில் அதைச் சுட்டும் 14 பைட் ஒட்டிக்கொள்கிறது. எவருக்கும் வேண்டாதபோது பழைய உருவங்களை ஏறத்தாழ நிமிஷத்துக்கு ஒருமுறை துப்புரவு வேலை கூட்டிக் கழிக்கிறது. ‘எவருக்கும் வேண்டாதபோது’ என்ற நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு தோட்ட அலுவலகத்தில் யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை அறிக்கைத் திரையைத் திறந்துவிட்டு, அது ஏவிய பரிவர்த்தனை முடியாமலே கணினியை அப்படியே விட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். அவருடைய பரிவர்த்தனை தொடங்கிய கணத்துக்குப் பின் மாறிய எதன் பழைய உருவமும், அவர் திரும்பி வந்து கேட்கக்கூடும் என்ற ஒரே காரணத்தால், கழிக்கப்படாமல் நிற்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆலை ஓடியிருந்தால் திங்கட்கிழமைக் காலையில் 1105 என்ற எண்ணுடன், இடம் ஒதுக்க இயலவில்லை என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும். லாக் நிறைந்ததாயின் எண் 9002. அந்த ஒரு பரிவர்த்தனையைக் கண்டுபிடித்து முடித்துவைத்தால் சிறிது நேரத்தில் கிடங்கு தானே காலியாகும். அதைத் தேடாமல் புது டிஸ்க் வாங்கிப் பொருத்துகிற அலுவலகம், அடுத்த நீண்ட விடுமுறையில் அதையும் நிரப்பிவிடும்.

இந்தத் தேடலுக்கு இந்நாட்டில் ஒரு விசேஷமான இடையூறு உண்டு. பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவது சிலாங்கூரில் சர்வசாதாரணம். மின்சாரம் நின்று, தாங்கு மின்கலமும் ஓய்ந்து, சர்வர் அணைந்து மீண்டும் எழும்போது, டெம்ப்டிபி பழைய கோப்பைத் தொடராமல் நாம் முன்பு குறித்துவைத்த அளவில் புத்தம் புதிதாக ஆக்கப்படும். முப்பது ஜிகாபைட் ஊதியிருந்தது எட்டு மெகாபைட்டாகச் சுருங்கி நிற்கும். நோய் தீர்ந்துவிட்டது என்று அலுவலகம் மகிழும். நோய்க்கான சாட்சியமும் கூடவே அழிந்துபோயிருக்கும். சர்வரை அணைத்து எழுப்புவதையே வைத்தியமாகக் கொண்ட சில நிர்வாகிகள், மழை செய்த அதே காரியத்தைத்தான் பொத்தானை அழுத்திச் செய்கிறார்கள்.

எட்டு மெகாபைட் என்ற இயல்பான தொடக்க அளவையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. அங்கிருந்து முப்பது ஜிகாபைட் வரையில் 64 மெகாபைட் வீதம் கோப்பு வளர வேண்டுமானால், ஏறக்குறைய 480 தடவை சர்வர் இயங்குதளத்திடம் கையேந்த வேண்டும். வழக்கமான மாத முடிவில் எவ்வளவு நிரம்புகிறது என்று இரண்டு மூன்று மாதம் கவனித்து, அந்த அளவை முதலிலேயே கொடுத்துவிடுவது உத்தமம். கோப்பும் ஒன்றாக இராமல், செயலியின் கருக்கள் எத்தனையோ அத்தனையாக, எட்டுக்கு மேற்படாமல், எல்லாம் சம அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், முன்னே சொன்ன பிட்களும் பைட்களும் எழுதிய குறிப்புப் பக்கத்தைத் திருத்த நூறு பேர் ஒரே சமயத்தில் வரிசையில் நிற்பார்கள். டெம்ப்டிபிக்குத் தனி டிஸ்க் ஒன்றை ஒதுக்கிவிட்டால், அது நிறைந்தாலும் எடைச்சீட்டுகளும் இயங்குதளமும் தப்பும்.

இவ்வளவும் செய்த பிறகும், ஒரே ஒருவருடைய பேராசையான அறிக்கை டெம்ப்டிபி முழுவதையும் விழுங்கி, எடைப்பாலத்தையே நிறுத்திவைக்கக் கூடும் என்ற குறை வெகுகாலம் நீடித்தது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு ஒரு பரிகாரம் வந்திருக்கிறது: பயனர்களை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பும் டெம்ப்டிபியில் இவ்வளவுக்கு மேல் கொள்ளலாகாது என்று வரம்பு கட்டலாம், மீறுகிற வினா பிழையோடு நிறுத்தப்படும், மற்றவர்கள் வேலை நடக்கும். வரம்பு கட்டும் கட்டளை இரண்டு வரிதான். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும் அலுவலகத்துக்கு எவ்வளவு, எடைப்பாலத்துக்கு எவ்வளவு, தலைமை அலுவலகத்திலிருந்து எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கும் அறிக்கைப் பிரியர்களுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை மட்டும் சர்வரை நிர்வகிக்கிறவர் தனியாக முடிவு செய்ய இயலாது. ஆலை நிர்வாகியையும் சம்பளக் கிராணியையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்டால்தான் அந்த இரண்டு வரியில் என்ன எண்ணை எழுதுவது என்று தெரியும்.